கௌசல்யாவும் கெளசல்யாவும்

மென்பொருள் சோதனைக்கூடத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார், அரசு இணைய சேவைகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் பெயர் கௌசல்யா. உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். 'பெயர் பொருந்தவில்லை' என்று மூன்று முறை திருப்பிவிட்டது. இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டோம். ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை. இரண்டு தளங்களுக்கும் தரச் சான்றிதழ் இருக்கிறதாம். அப்படியானால் தப்பு யார் மேல்?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளின் பெயர் என் பழைய சோதனை நோட்டில் முதல் பக்கத்தில், முதல் வரியில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் தலைப்பைப் பாருங்கள். ஒரே பெயரை இரண்டு தடவை எழுதியிருப்பதாகத் தோன்றும். முதல் பெயரில் ககரத்துக்கு ஔகாரக் குறி போட்டிருக்கிறேன். அது ஒரே குறி. இரண்டாவதில் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்தை உட்கார வைத்திருக்கிறேன். அச்சில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கணினிக்குக் கண் கிடையாது, அதற்கு எல்லாமே எண். முதல் 'கௌ' அதற்கு இரண்டு எண், இரண்டாவது 'கெள' மூன்று எண். எண்ணிக்கையே வேறு என்னும்போது பெயர் எப்படிப் பொருந்தும்?

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தளத்தில் தெரியும் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெயரின் முன்னால் கர்சரை வைத்து வலப்பக்க அம்புக்குறியை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். கர்சர் 'கௌ' முழுவதையும் ஒரே தாவலில் தாண்டினால் அது ஔகாரம். நடுவில் ஒரு முறை நின்று போனால் 'ள' உட்கார்ந்திருக்கிறது.

இனி, தப்பு யார் மேல் என்பதற்கு வருகிறேன். முன்பு ஒரு துறை என்றால் அதற்கென்று ஒரு மென்பொருள், ஒரு அறை, ஒரு பீரோ. உங்கள் வருமானமா, சாதியா, மதிப்பெண்ணா, எல்லாவற்றையும் காகிதமாக நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். இப்போது உதவித்தொகை தரும் துறை அந்த விவரங்களைத் தானே வைத்துக்கொள்வதில்லை. வருவாய்த் துறையின் சேவையிடம் கேட்கிறது, தேர்வுத் துறையின் சேவையிடம் கேட்கிறது, வங்கியிடம் கேட்கிறது. ஒவ்வொன்றும் கேள்வி வந்தால் பதில் அனுப்பும் தனித்தனி ஜன்னல். எங்கள் தொழிலில் இதை சர்வீஸ் ஓரியண்டட் என்று சொல்வோம்.

முதல் துறையின் ஜன்னலைச் சோதித்தவர் என்ன செய்திருப்பார்? கௌசல்யா என்று அடித்தார், சேமித்தார், அச்செடுத்தார், சரியாக வந்தது, பாஸ் போட்டார். இரண்டாவது துறையிலும் அதேதான், அங்கேயும் பாஸ். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே இருக்கும் கௌசல்யாவும் அங்கே இருக்கும் கெளசல்யாவும் ஒரே பெண்தானா என்று கேட்பது இரண்டு பேரின் வேலைப் பட்டியலிலும் இல்லை. வீட்டில் குழாய் புதுசு, தொட்டி புதுசு, கசிவது இரண்டும் சேரும் மூட்டில். மூட்டுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்?

நான் வேலையில் இருந்தபோது ஒரு துறையின் மென்பொருளைச் சோதிக்கக் கொண்டுவந்தார்கள். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கொடுத்த மாதிரித் தரவில் பெயர்கள் எப்படி இருந்தன தெரியுமா? 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2', தமிழில் வேண்டும் என்று கேட்டதும் 'அஅஅ', 'கககக'. இந்த நாட்டில் கககக என்ற பெயரில் ஒருவர் பிறந்து வளர்ந்து உதவித்தொகை கேட்டு வந்திருந்தால் அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்திருக்காது. நான் என் நோட்டை எடுத்தேன். கௌசல்யா இரண்டு விதம். கோமதி இரண்டு விதம். ஸ்ரீதேவி இரண்டு விதம், ஏனென்றால் ஸ்ரீயை 'ஸ'வில் தொடங்கியும் அடிக்கலாம், எழுத்துக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் 2005-ல் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் அடிக்கலாம், திரையில் ஒரே வடிவம்தான் வரும். இனிஷியல் முன்னால் போட்ட முருகன், பின்னால் போட்ட முருகன், இனிஷியலை அப்பா பெயராக விரித்து எழுதிய முருகன். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பக், அதாவது மென்பொருள் குறை, பதிவு செய்தேன். மறுநாள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: 'தட்டச்சுப் பிழை, மென்பொருளில் குறை இல்லை.' மூடிவிட்டார்கள்.

உண்மையில் பாதி மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. கோமதியின் 'கோ'வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். இரண்டும் சமம் என்று தரமே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி புரோகிராம் போதும். ஆனால் 'ள' தமிழில் சொந்தக்காலில் நிற்கும் எழுத்தாயிற்றே, அதை ஔகாரத்தின் துண்டு என்று தரம் எப்படிச் சொல்லும்? அதனால் கோமதிக்குக் கிடைக்கும் மருந்து கௌசல்யாவுக்குக் கேட்காது.

நான் விடாமல் எழுதவே, ஒரு இளம் புரோகிராமர் உற்சாகமாக ஒரு திருத்தம் போட்டுவிட்டார். எகரக் கொம்புக்குப் பின்னால் 'ள' வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று! கௌசல்யா சரியாகிவிட்டாள். ஆனால் அடுத்த சோதனையில் வெள்ளைச்சாமிகள் எல்லாரும் உடைந்து போனார்கள். வெள்ளையம்மாள், வெள்ளத்துரை, ஒருவரும் மிஞ்சவில்லை. 'வெ'க்குப் பின்னால் 'ள்' வருகிறதல்லவா, அதையும் பிடித்து ஔகாரமாக்கிப் புள்ளியை அந்தரத்தில் தொங்க விட்டிருந்தது. அது சாப்பாட்டு நேரம். ஒருவர் கெளுத்தி மீன் என்று அடித்துப் பார்த்தார். கெளுத்தியும் போச்சு. கடைசியில் 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ வந்தால் தொடாதே என்று விதியைத் திருத்திய பிறகுதான் வெள்ளைச்சாமிக்கு உயிர் வந்தது. ஒரு பக்கைச் சரி செய்தால் பழைய சோதனைகள் அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான். ரிக்ரெஷன் என்று சொல்வார்கள். நேரமில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வழி. எந்த ஆவணத்தில் 'ள' இருக்கிறது என்று அம்புக்குறியால் கண்டுபிடித்து, அந்த அலுவலகத்தில் திருத்த மனு கொடுங்கள். 'பெயர் மாற்றம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கெசட் வரைக்கும் இழுத்துவிடுவார்கள். 'பெயரில் மாற்றம் இல்லை, ஔகாரக் குறி தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு அரசுத் தளத்தில் கட்டணம் கட்டினால் வாடிக்கையாளர் கணக்கில் பணம் போகிறது, ஒப்புகைச் சீட்டு வருவதில்லை. திட்டு எனக்கு. இதையெல்லாம் சோதிக்காமலா விடுகிறார்கள்?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: சோதித்துத்தான் விடுகிறார்கள், ஆனால் பொம்மை வங்கியோடு.

துறையின் மென்பொருள் தயாராகும்போது நிஜ வங்கிச் சேவை கையில் இருக்காது. அதற்குப் பதிலாக ஸ்டப் என்று ஒரு பொம்மையை எழுதி வைப்பார்கள். நான் பார்த்த ஒரு பொம்மை, என்ன கேட்டாலும் ஒரே விநாடியில் 'வெற்றி' என்று பதில் சொல்லும். இப்படி ஒரு வங்கி உலகத்தில் உண்டா? நிஜ வங்கி வெற்றி சொல்லும், தோல்வி சொல்லும், சில நேரம் 'நிலுவை' என்றும் சொல்லும். அந்த மென்பொருளுக்கு முதல் இரண்டு வார்த்தைகள்தான் தெரியும். மூன்றாவது வந்ததும் தோல்வி என்று எடுத்துக்கொண்டது. ஜனங்கள் இரண்டாவது தடவையும் பணம் கட்டினார்கள். நிலுவை கொஞ்ச நேரத்தில் வெற்றியானபோது இரண்டு பணமும் போயிருந்தது.

இன்னொன்று. பணம் கட்டிய செய்தி துறைக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று உங்கள் திரை வழியாக, வங்கிப் பக்கத்திலிருந்து துறைப் பக்கத்துக்குத் திரும்பும்போது. மற்றொன்று வங்கியின் சர்வர் நேரடியாகத் துறையின் சர்வருக்குச் சொல்வது. திரை வழியை மட்டும் நம்பிய மென்பொருள், அந்த நொடியில் கரண்ட் போனால் அம்போ. இரண்டும் தவறினாலும் துறை பிறகு தானாக வங்கியைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், டபுள் வெரிஃபிகேஷன் என்று அதற்குப் பெயர். நான் சோதிக்கும்போது 'பணம் செலுத்து' அழுத்தியதும் லேன் கேபிளைப் பிடுங்கிவிடுவேன். "மேடம், அந்த நேரம் பார்த்து யாராவது கேபிளைப் பிடுங்குவாங்களா?" என்று கேட்டார் அதை எழுதியவர். குளிரூட்டிய அறையில் ஜெனரேட்டர் தயவில் உட்கார்ந்திருப்பவருக்கு மின்வெட்டு எப்படி ஞாபகம் வரும்?

நீங்கள் செய்ய வேண்டியது: பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் திரும்பியதா என்று பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். வாடிக்கையாளர் திட்டுவதற்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: அரசு இணையதளங்களின் அடியில் தரமுத்திரை ஒன்றைப் பார்க்கிறேன். அதைப் பார்த்துத் தளத்தை நம்பலாமா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தர்மபுரி

பதில்: ஐயா, எதை நம்புவதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் எஸ்டிக்யூசி முத்திரையாக இருக்கும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள அமைப்பு, 1980-ல் தொடங்கியது. ஆதாருக்கு விரல் வைக்கிறீர்களே, அந்தக் கருவிக்கும் அங்கேதான் சான்று. இணையதளத்துக்கு அவர்கள் கொடுக்கும் சான்று, இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின்படி தளம் அமைந்திருக்கிறதா என்பதற்கு. 2009-ல் முதலில் வந்த நெறிகள், 2023-ல் மூன்றாம் பதிப்பு. பார்வையற்றவர் திரைவாசிப்பானை வைத்துப் படிக்க முடிகிறதா, மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் நகர முடிகிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் பட்டாவில் சர்வே எண் சரியா என்று அந்த முத்திரை சொல்லவில்லை.

பாதுகாப்புத் தணிக்கை என்பது வேறு காகிதம். கணினிப் பாதுகாப்புக்காக 2004 முதல் இயங்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனம் தளத்தைக் குடைந்து பார்த்துவிட்டு, 'ஹோஸ்ட் செய்யலாம் (இணையத்தில் ஏற்றலாம்), பாதுகாப்பானது' என்று எழுதிக் கொடுக்கும். மென்பொருள் சொன்ன வேலையைச் செய்கிறதா என்ற சோதனை மூன்றாவது காகிதம். துறை அதிகாரி உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் யுஏடி நாலாவது. இத்தனையையும் ஒரே முத்திரையாக நினைத்துக்கொள்கிறோம். துறைக்காரர்களும் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் கூடத்தில் என் பக்கத்து அறையில் வீட்டு மின்சாதனங்களைச் சோதிப்பார்கள். ஒரு மிக்ஸி பாஸானால் பாஸானதுதான், நாளைக்கு யாரோ டெல்லியில் ஒரு வரி மாற்றினார்கள் என்று அது தேங்காய் அரைக்க மறுக்காது. சேவைகளைக் கோத்து ஓட்டும் மென்பொருள் அப்படியில்லை. நீங்கள் உங்கள் பக்கம் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, எதிர்ப்பக்கத் துறை பிறந்த தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்பதிலிருந்து ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றிவிட்டது. உங்கள் சான்றிதழில் தேதி இன்னும் முடியவில்லை, மென்பொருளோ வேலை செய்யவில்லை. அதனால் சான்றிதழ் கையில் கிடைத்தால் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். எந்தப் பதிப்பைச் சோதித்தார்கள்? அதன் ஹாஷ் எண் எழுதியிருக்கிறதா? 'வரம்பு' என்ற பத்தியில் எதை விட்டுவிட்டார்கள்? ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை, ஒரு கமா மாறினாலும் மாறிவிடும். ஓடுகிற மென்பொருளின் ஹாஷும் சான்றிதழின் ஹாஷும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சான்றிதழ் வேறு யாருக்கோ எழுதியது.

வரம்புப் பத்தியில் 'வெளிச் சேவைகளுடனான இணைப்பு நீங்கலாக' என்று ஒரு வரி இருந்தால், ஐயா, கும்பகோணத்து அம்மாவின் கடிதத்தை மறுபடி படியுங்கள்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். இந்தக் குளறுபடியெல்லாம் நம் ஊரில்தானா? வெளிநாட்டில் முறையாகச் செய்வார்கள் இல்லையா?
— ஒரு மாணவர், சிவகாசி

பதில்: தம்பி, 2013 அக்டோபர் 1-ந் தேதி அமெரிக்காவில் ஹெல்த்கேர்.கவ் தளம் திறந்தது. 36 மாநிலங்களின் ஜனங்கள் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கு. முதல் நாள் முழுக்கப் போராடிக் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 6 பேர்.

அது அப்பட்டமான சேவைக் கோவை. நடுவில் ஒரு தரவு மையம், அது வருமான வரித் துறையைக் கேட்கும், சமூகப் பாதுகாப்புத் துறையைக் கேட்கும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைக் கேட்கும். 50-க்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள். அக்டோபர் 24-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் முக்கிய ஒப்பந்ததாரர்கள் வந்து நின்றார்கள், ஒவ்வொருவரும் தங்கள் பகுதி சரியாக வேலை செய்ததாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கோத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சோதிக்கக் கிடைத்ததோ திறப்புக்கு முந்தைய இரண்டு வாரம்தான். மாதக்கணக்கில் வேண்டியிருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். காப்பீடுகளைச் சும்மா பார்ப்பதற்குக்கூட முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் மாற்றியதில், வந்த கூட்டமெல்லாம் ஒரே வாசலில் நெரிந்தது.

சான்றிதழ் கதை இதைவிட ருசி. இயக்குவதற்கான பாதுகாப்பு அனுமதியில் செப்டம்பர் 27-ந் தேதி, திறப்புக்கு நாலு நாள் முன்னால், கையெழுத்தாகிறது. சோதனை முழுமையாக முடியாததால் அதிக ஆபத்து இருக்கிறது என்று அந்தக் காகிதத்திலேயே எழுதி, ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஆபத்து இருக்கிறது என்பதை எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்களே, அதுவாவது நேர்மை. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரே வரியில் முடித்த எத்தனையோ யுஏடி காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு முறை யோசிக்காமலும் இல்லை. 2008-லேயே துறைகளுக்கு நடுவில் என்எஸ்டிஜி என்று ஒரு தேசிய நுழைவாயில் வந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. ஆர்.எம்.எஸ். தபால் பிரிப்பது மாதிரி, எந்தத் துறையும் இன்னொரு துறையை நேரே தேடிப் போக வேண்டாம், உறையை இந்த வடிவத்தில் நுழைவாயிலில் போட்டால் போதும் என்பது ஏற்பாடு. உறை சரியாக இருக்கிறதா என்று நுழைவாயில் சோதிக்கும். உள்ளே இருப்பது கௌசல்யாவா கெளசல்யாவா என்பது தபால்காரர் வேலையில்லையே. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும், தமிழுக்கென்று வகுத்த டேஸ்16 குறியீட்டையும் ஏற்று ஆணை போடும்வரை அலுவலகத்துக்கு அலுவலகம் எழுத்துரு வேறு, குறியீடு வேறு. அந்தக் காலத்துத் தரவை மாற்றி ஏற்றியதில் எங்கெங்கே கால் ரகரமாகி, ரகரம் காலாகிக் கிடக்கிறதோ!

கேள்வி: என் மகனுக்கு டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது. கோடிங் வராதவர்கள்தான் அதற்குப் போவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: என் வீட்டிலும் சொன்னார்கள், 28 வருஷமும் சொன்னார்கள். போகச் சொல்லுங்கள். முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், அக்கம்பக்கத்துப் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். வெள்ளைச்சாமி கண்டிப்பாக வேண்டும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயர் பொருந்தவில்லை என்று எங்காவது திரும்பி வந்திருந்தால் எழுதுங்கள். பெயரோடு, அதை அடித்தது செல்போனிலா கணினியிலா, எந்த விசைப்பலகை அமைப்பில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது.